ஈரான் கதை, நார்வே கணக்கு

ஆவணப்படம் பார்க்க உட்கார்ந்தால், படம் தொடங்கும் முன்பே நம் பொறுமையைச் சோதித்துவிடுவார்கள். கறுப்புத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் வரும்: நார்வே திரைப்பட நிறுவனம், டென்மார்க் திரைப்பட நிறுவனம், ஸ்வீடனின் எஸ்.வி.டி., பின்லாந்தின் யூலே. அத்தனையும் முடிந்து படம் வந்தால், எதிரே ஈராக்கின் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரி. "அண்ணே, ஈராக்குக்கும் நார்வேக்கும் என்ன சம்பந்தம்? அவன் எதுக்குக் காசு போடறான்?" என்று கேட்டார் ஒரு தம்பி. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டே ஆவணப்படக் கனவு காண்பவர். நியாயமான கேள்வி. ஒரு டீயில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இரண்டாவது டீயும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

முதலில் ஆம்ஸ்டர்டாம். அங்கே ஒவ்வொரு நவம்பரிலும் சர்வதேச ஆவணப்பட விழா நடக்கிறது. துறைக்காரர்கள் சுருக்கமாக இட்ஃபா என்பார்கள். 1988-இல் தொடங்கிய விழா. ஆலி டெர்க்ஸ் என்ற அம்மையார் கிட்டத்தட்ட முப்பது வருஷம் நடத்தினார். 2018-இல் சிரியாக்காரரான ஓர்வா நைராபியா பொறுப்பேற்றார். ஆவணப்படத்துக்கென்றே நடக்கும் விழாக்களில் இதைவிடப் பெரியதைச் சொல்வது கஷ்டம். விழா நெதர்லாந்துடையது, ஊரும் அவர்களுடையது. ஆனால் முதல் பரிசு வாங்கிய படங்களின் பட்டியலில் விரலை ஓட்டினால் வடக்கத்திக்காரர்கள் அடிக்கடி தட்டுப்படுவார்கள்: 2006, 2008, 2015, 2016, 2020, 2022. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து என்ற நார்டிக் நாடுகள் ஐந்தையும் சேர்த்தாலும் மக்கள்தொகை மூன்று கோடியைத் தொடாது. அந்தக் கூட்டத்துக்கு இத்தனை பரிசு கொஞ்சம் அதிகம்தான்.

அந்த ஆறு படங்களும் எதைப் பற்றியவை என்று பாருங்கள். 2006-இல் வென்ற டென்மார்க் படத்தில், விக் என்ற எண்பது தாண்டிய பிரம்மச்சாரி தன் ஒழுகும் பழைய கோட்டையை மடமாக்க ஆசைப்படுகிறார், ரஷ்யாவிலிருந்து கன்னியாஸ்திரிகள் வருகிறார்கள். 2008-இல் 'பர்மா வி.ஜே.', ரங்கூன் தெருக்கள். 2015-இல் ஸ்வீடனின் 'டான் ஹுவான்', களம் ரஷ்யா. 2016-இல் நார்வேயின் 'நோவேர் டு ஹைட்', ஈராக். 2020-இல் 'ரேடியோகிராஃப் ஆஃப் எ ஃபேமிலி', ஈரான். 2022-இல் டென்மார்க்கின் 'அப்போலோனியா, அப்போலோனியா', பாரிஸில் வளர்ந்த ஓர் ஓவியரின் கதை. ஆறில் ஒன்றுதான் அவர்கள் சொந்த மண்ணில் நடக்கிறது. அதற்கும் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது!

"பணக்கார நாடு, கொடுக்கறாங்க" என்று தம்பி முடித்துவைக்கப் பார்த்தார். பணம் இருப்பது உண்மைதான். ஆனால் பணம் இருக்கும் நாடுகள் வேறும் இருக்கின்றன, அவற்றின் பெயரை நாம் கறுப்புத் திரையில் இவ்வளவு பார்ப்பதில்லை. இங்கே விஷயம் பணம் வரும் வழியில் இருக்கிறது.

டென்மார்க்கை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆவணப்படம் எடுக்க நினைக்கும் தயாரிப்பாளர் அரசுப் பணத்தில் இயங்கும் திரைப்பட நிறுவனத்துக்கு மனுப் போடுகிறார். 1972-இல் ஏற்பட்ட நிறுவனம். மனுவைப் படிப்பவர் ஆலோசகர் என்ற பதவியில் இருக்கும் ஒரு தனி ஆள். நம் ஊர் வழக்கப்படி பதினைந்து பேர் கமிட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆலோசகர் குமாஸ்தாவும் இல்லை. படம் எடுத்தோ, தொகுத்தோ, தயாரித்தோ துறையில் அடிபட்டு வந்தவர். அவருக்குப் பிடித்தால் பரிந்துரை செய்வார், பிடிக்காவிட்டால் இல்லை. கதை எழுதும் கட்டம், எடுக்கும் கட்டம், எடிட்டிங் மேஜை என்று கூடவே வந்து கருத்தும் சொல்வார். சில வருஷங்கள்தான் பதவி. அதன்பின் இறங்கிவிட வேண்டும், அடுத்த ஆளின் ரசனை வேறாக இருக்கும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஒரே ஆளிடம் இவ்வளவு அதிகாரமா என்று கேட்கத் தோன்றும். எனக்கு இதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று படுகிறது. கமிட்டி என்றால் யாருக்கும் மனக்கசப்பு வராத படத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். தனி ஆள் துணிந்து ஒரு விசித்திரமான மனுவுக்குக் கையெழுத்துப் போடலாம், தவறினால் பழியும் அவர் பேரில்தான். லியா க்ளோப் என்ற டென்மார்க் பெண், திரைப்படக் கல்லூரியில் படிக்கும்போது, 2009-இல், அப்போலோனியா சோகோல் என்ற இளம் ஓவியரைப் படம் பிடிக்கத் தொடங்கினார். முடித்தது 2022-இல். பதின்மூன்று வருஷம். அந்த ஓவியர் பேர் வாங்குவாரா மாட்டாரா என்று தொடக்கத்தில் யாருக்குத் தெரியும்? 'படத்தின் முடிவு என்ன' என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் எந்தக் கமிட்டியிடமும் இது தேறியிருக்காது.

நிறுவனம் கொடுப்பது ஒரு பங்கு. அது முழுப் படத்துக்குப் போதாது. சந்தை சின்னது, டேனிஷ் பேசுவோரே அறுபது லட்சம்தான். அதனால் அடுத்த படி, பொதுத்துறைத் தொலைக்காட்சிகள்: டென்மார்க்கில் டி.ஆர்., ஸ்வீடனில் எஸ்.வி.டி., நார்வேயில் என்.ஆர்.கே., பின்லாந்தில் யூலே. படம் முடியும் முன்பே ஒளிபரப்பு உரிமையை வாங்கிக்கொண்டு முன்பணம் தருவார்கள். ஒவ்வொருவர் தருவதும் பெருந்தொகை இல்லை. நான்கைந்து இடத்தில் வாங்கினால் படம் எழுந்து நிற்கும்.

இதை நம்மவர்களுக்கு விளக்க மொய் நோட்டைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை. உன் வீட்டு விசேஷத்துக்கு நான் எழுதுகிறேன், என் வீட்டு விசேஷத்துக்கு நீ எழுது, கணக்கு நோட்டில் இருக்கட்டும். கோபன்ஹேகன் தயாரிப்பாளரின் படத்தில் நார்வேயின் ஸ்டவாங்கர் ஊர்த் தயாரிப்பாளர் சிறு பங்கு சேருவார். அடுத்த படத்தில் பங்கு தலைகீழாகும். சேரும்போது தன் நாட்டு நிறுவனத்தின் பணத்தையும் தன் நாட்டு டிவியின் பணத்தையும் கையோடு கொண்டுவருவார். அந்தப் பணத்தின் ஒரு பகுதியை அந்த நாட்டிலேயே செலவழிக்கச் சொல்லும் நிதிகள் பல உண்டு. ஆகவே ஒலிச்சேர்ப்பு ஓர் ஊரில், வண்ணத்திருத்தம் இன்னோர் ஊரில் நடக்கும். பட இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் ஆண்டர்சன்களும் ஹான்சன்களும் வரிசை கட்டுவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஊக்கப்படுத்தவே 1990-இல் நார்டிஸ்க் ஃபிலிம் அண்ட் டிவி ஃபோன்ட் என்று ஒரு பொது நிதி வைத்தார்கள். அலுவலகம் ஆஸ்லோவில். ஐந்து நாடுகளின் திரைப்பட நிறுவனங்களும் தொலைக்காட்சிகளும் நார்டிக் அமைச்சர் குழுவும் அதில் பணம் போடுகின்றன. குறைந்தது இரண்டு நார்டிக் நாடுகளிலாவது படம் வெளியாக ஏற்பாடாகியிருந்தால்தான் அதிலிருந்து காசு வரும். தனியாகப் போனால் கிடைக்காது, அண்டை வீட்டாரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதே 1990-களில் நார்டிஸ்க் பனோரமா என்ற விழாவையும் ஐந்து நாட்டு ஊர்களுக்கு மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். 2013-லிருந்து ஸ்வீடனின் மால்மோவிலேயே நிலைகொண்டுவிட்டது. செப்டம்பரில் அங்கே வீட்டாருக்குள் பேசி முடித்துவிட்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் கிளம்புகிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் படங்கள் ஓடும் இடம் ஒன்று, தொழில் நடக்கும் இடம் வேறு. தொழில் நடக்கும் இடத்துக்கு ஃபோரம் என்று பெயர், 1993-இல் தொடங்கியது. பெரிய மேஜை, சுற்றிலும் பல நாட்டுத் தொலைக்காட்சி ஆசிரியர்கள், பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம். இயக்குநரும் தயாரிப்பாளரும் வந்து ஏழு நிமிடத்தில் தங்கள் படத்தைச் சொல்லி முடிக்க வேண்டும், டிரெய்லர் உட்பட. அதன்பின் மேஜையில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பாராட்டு நிறைய இருக்கும். 'சுவாரஸ்யமான விஷயம், தொடர்பில் இருப்போம்' என்றால் பணம் இல்லை என்று பொருள்கொள்வது நல்லது. நார்டிக் குழு இந்த மேஜைக்கு வெறுங்கையோடு வருவதில்லை. 'நிறுவனம் இவ்வளவு தந்துவிட்டது, எஸ்.வி.டி. உள்ளே இருக்கிறது, மிச்சம் இவ்வளவுதான் வேண்டும்' என்று சொல்லும் நிலையில் வருகிறது. மேஜையின் மறுபுறத்திலும் அவர்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யூலேயின் ஈக்கா வெஹ்கலாஹ்டி, டி.ஆரின் மெட்டே ஹாஃப்மன் மேயர் போன்றவர்கள் பல வருஷம் அந்த வட்டத்தில் செல்வாக்கோடு இருந்தவர்கள். ஐரோப்பிய ஆவணப்படக்காரர்களின் வலையமைப்பு ஒன்று 1996-இல் கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானதையும், அதை முதலில் நடத்திய தூ ஸ்டேன் முல்லர் டென்மார்க்கின் அரசு ஆவணப்பட விநியோக நிலையத்திலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிலையம் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் படச்சுருள் கொடுத்துக்கொண்டிருந்தது. 1997-இல் திரைப்பட நிறுவனத்தோடு இணைந்தது. ஆவணப்படத்தை வகுப்பறையிலேயே பார்த்து வளர்ந்த ஊர் அது.

விழாவுக்குப் போய்வருவதும் இவர்களுக்குத் திட்டமிட்ட வேலை. படம் தேர்வானால் இயக்குநரின் பயணச் செலவுக்குத் திரைப்பட நிறுவனம் உதவும். எந்தப் படத்தை எந்த விழாவுக்கு அனுப்பலாம் என்று பார்ப்பதற்கென்றே ஆட்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். டென்மார்க் நிறுவனம் இட்ஃபாவுக்காகவே தன் ஆங்கிலப் பத்திரிகையில் தனி இதழ் போட்ட காலம் உண்டு. ஓர் இயக்குநர் தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் லாபியில் நிற்கும் பரிதாபம் அவர்களுக்குக் கிடையாது.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஈராக் கதைக்கு ஏன்?

'பர்மா வி.ஜே.'யில் தொடங்கலாம். 2007 செப்டம்பரில் ரங்கூனில் பிக்குகள் ஊர்வலம் போனபோது வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை ராணுவ அரசு உள்ளே விடவில்லை. உள்ளூர் இளைஞர்கள் பைக்குள் ஹேண்டிகேமை ஒளித்துவைத்து எடுத்தார்கள். காட்சிகள் எல்லை தாண்டி ஆஸ்லோவுக்குப் போயின. அங்கிருந்து இயங்கிய 'டெமாக்ரடிக் வாய்ஸ் ஆஃப் பர்மா' அவற்றைச் செயற்கைக்கோள் வழியாகப் பர்மாவுக்கே திருப்பி ஒளிபரப்பியது. அதாவது நார்வேக்கு அந்தக் கதையில் ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது, அகதிகளின் வீடு. டென்மார்க் இயக்குநர் ஆண்டர்ஸ் ஒஸ்டர்கார்ட் அந்தக் காட்சிகளை ஒரு படமாகத் தொடுத்தார். நடுவில் தொலைபேசி உரையாடல்கள் போன்றவற்றை மறுபடி நடித்தும் எடுத்தார். சில காட்சிகள் அப்படி மறு உருவாக்கம் செய்யப்பட்டவை என்று படமே முதலில் சொல்லிவிடுகிறது. இருந்தும் அதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. பை ஓட்டை வழியே எடுத்த நடுங்கும் காட்சிக்குப் பக்கத்தில் நடித்தது உட்காரும்போது, உண்மையானதுதான் கொஞ்சம் மதிப்பிழக்கிறது.

2016-இல் வென்ற 'நோவேர் டு ஹைட்'டில் கை மாறுகிறது. இயக்குநர் ஸரதாஷ்ட் அஹ்மத் ஈராக்கியக் குர்து, நார்வேயில் குடியேறியவர். அமெரிக்கப் படைகள் வெளியேறும் சமயத்தில், தியாலா மாகாணத்து ஜலவ்லா ஊரில் நூரி ஷரீஃப் என்ற ஆண் செவிலியரிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொல்கிறார். அவர் நோயாளிகளை எடுக்கிறார், வீட்டை எடுக்கிறார். ஐ.எஸ். வந்தபோது மனைவி மக்களோடு ஊரைவிட்டு ஓடுவதையும் எடுக்கிறார். மற்றவர் கதையை எடுக்கப் போனவர் தானே கதையாகிவிடுகிறார். ஆஸ்லோவிலிருந்து ஒரு குழு போய் இறங்கியிருந்தால் ஒரு வாரத்துக் காட்சியோடு திரும்பியிருக்கும்.

2020-இல் வென்ற 'ரேடியோகிராஃப்' இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. இயக்குநர் ஃபிரூஸே கோஸ்ரவானி ஈரானியர். சொல்வது தன் பெற்றோரின் கதை. அப்பா ஜெனீவாவில் கதிரியக்க மருத்துவம் படித்தவர், மத நாட்டம் இல்லாதவர். அம்மா தொழுகை தவறாதவர். மாப்பிள்ளை ஊருக்கு வர முடியாததால் அம்மாவுக்கு அவர் போட்டோவோடுதான் கல்யாணம் நடந்தது. புரட்சிக்குப் பின், முக்காடு இல்லாமல் இருந்த தன் பழைய போட்டோக்களை அம்மா கிழித்துப் போடுகிறார். அந்தக் கிழிசல்களிலிருந்து மகள் படத்தைக் கட்டுகிறாள். இதில் நார்வேக்காரர் யாரும் கேமராவுக்குப் பக்கத்தில் இல்லை. ஆஸ்லோவின் ஆன்டிபோட் ஃபிலிம்ஸ் தயாரிப்பாளர்கள், கணக்குப் புத்தகம் அவர்களிடம். ஆனால் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நார்வே, ஈரான், சுவிட்சர்லாந்து என்று நார்வே முதலில் நிற்கும்.

தம்பிக்கு இங்கேதான் பொறி தட்டியது. "அப்போ கதை அவங்களோடது, பேர் இவங்களுக்கா?" பேரோடு உரிமையும் பெரும்பாலும் முதன்மைத் தயாரிப்பாளரிடம்தான் இருக்கும். இதை மூடிமறைக்க வேண்டியதில்லை. பண்பாட்டு உதவி என்பது வெளியுறவுக் கொள்கையின் மெல்லிய மறுபக்கம் என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு, அது முழுக்கத் தப்பும் இல்லை. நம்மவர்களுக்கு இது தெரிந்த சங்கடம். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் இலங்கையில் நார்வே சமரசத் தூதராக இருந்தது. 2007-இல் பியாதே ஆர்னெஸ்டாட் என்ற நார்வே இயக்குநர், கரும்புலிப் பெண்கள் இருவரையும் அவர்களில் ஒருத்தியின் தாயையும் வைத்து 'மை டாட்டர் தி டெரரிஸ்ட்' எடுத்தார். கொழும்பு அரசு கடுமையாக ஆட்சேபித்தது. படத்தைத் திட்டியவர்களுக்கு இயக்குநரின் நாடுதான் முதல் குற்றமாகத் தெரிந்தது. பெற்ற தாய் கேமரா முன் பேசுவதை அந்தச் சமயத்தில் வேறு யார் எடுக்க வாய்த்தது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இவர்கள் காசு இல்லாமல் இட்ஃபாவில் ஜெயிக்கவே முடியாதா என்றால், முடியும். 2018-இல் முதல் பரிசு வாங்கியது ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்'. பகுத்தறிவாளர்கள் தபோல்கர், பன்சாரே கொலைகளைத் தொட்டுச் செல்லும் நீண்ட படம். அவர் பாணி சொந்த முயற்சி, சொந்தக் கேமரா, கறுப்புத் திரையில் பெயர்களின் ஊர்வலம் கிடையாது. ஆனால் அதே படத்தை 2019-இல் கேரளத்து ஆவணப்பட விழாவில் காட்ட மத்திய அமைச்சகம் தணிக்கை விலக்கு தரவில்லை, உயர் நீதிமன்றம் போய்த்தான் காட்ட முடிந்தது. பட்வர்தன் அரை நூற்றாண்டாக இப்படி மல்லுக்கட்டிப் பழகியவர். எல்லா இளைஞர்களிடமும் அதை எதிர்பார்ப்பது அநியாயம்.

சரி, நமக்கு வழி? இருக்கிறது, சுற்றுவழி. நிஷ்டா ஜெயின் 2012-இல் முடித்த 'குலாபி கேங்' நல்ல உதாரணம். புந்தேல்கண்டில் இளஞ்சிவப்புச் சேலை கட்டிய பெண்களைத் திரட்டிய சம்பத் பால் பற்றிய படம். தொடக்கத்திலேயே, எரிந்துபோன ஓர் இளம் மருமகளின் உடல் கிடக்கும் வீட்டுக்குள் சம்பத் நுழைகிறார். அடுப்பிலிருந்து தீப்பிடித்தது என்கிறார்கள். அவர் சுவரைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், குறுக்குக் கேள்வி கேட்கிறார். கேமரா அவர் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறது. அந்தப் படத்தின் முதன்மைத் தயாரிப்பாளர் ஸ்டவாங்கரின் பிராயா ஃபிலிம், கூடவே கோபன்ஹேகனின் ஃபைனல் கட் ஃபார் ரியல். இந்தோனேசியப் படுகொலைகளைப் பற்றிய 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்'கைத் தயாரித்ததும் இதே கோபன்ஹேகன் கம்பெனிதான். 'குலாபி கேங்' இட்ஃபாவில் முதலில் திரையிடப்பட்டது, 2014-இல் இந்தியத் தியேட்டர்களுக்கும் வந்தது. ராகுல் ஜெயினின் 'மெஷின்ஸ்' 2016-இல் அதே விழாவில் வந்தது. சூரத்துப் பக்கத்துத் துணி ஆலைக்குள் எடுத்த அந்தப் படத்தில் ஜெர்மனியோடு பின்லாந்தும் கூட்டு. தயாரிப்பாளர்களில் ஒருவர் மேலே சொன்ன வெஹ்கலாஹ்டி, யூலேயை விட்டு வந்த பின்.

ஆகவே, நார்வே நிறுவனத்துக்கு நாகர்கோவிலிலிருந்து நேரே மனுப் போட்டுப் பயனில்லை. தென்னுலக நாட்டுப் படங்களுக்கென்றே நார்வேயில் சோர்ஃபோன்ட் என்று ஒரு நிதி இருக்கிறது, அதற்கும் நார்வே இணைத் தயாரிப்பாளர் ஒருவர் வேண்டும். இட்ஃபாவின் சொந்த நிதியான பெர்த்தா ஃபண்ட் மட்டும் ஆசிய இயக்குநர்களின் மனுவை நேராக வாங்கும். இணைத் தயாரிப்பாளரைத் தேட ஆம்ஸ்டர்டாம் வரை போக வேண்டும் என்றில்லை, கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் பட்டறைக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்துபோவது வழக்கம், வெஹ்கலாஹ்டியும் அங்கே பயிற்றுவித்தவர். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். 2018-இல் டென்மார்க் அரசு டி.ஆரின் பட்ஜெட்டை ஐந்து வருஷத்தில் 20 சதவீதம் வெட்டுவதாக முடிவெடுத்தது. மற்ற நாடுகளிலும் பொதுத் தொலைக்காட்சி மேல் கத்தி தொங்குகிறது. தம்பியின் படம் உப்பளத்தைப் பற்றியது. கொல்கத்தா போகும்போது கையில் மூன்று நிமிட டிரெய்லரும் யூரோவில் போட்ட பட்ஜெட்டும் இருக்கட்டும், உரிமை யாருக்கு என்ற வரியைக் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள் என்றேன்.